என் தவலையும் ஊராரின் முட்டிவலியும்

ஜப்பான்காரன் காலத்தில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டு வரிசைக்கு வந்து எவர் மணிக்கட்டைப் பார்த்தாலும், அங்கே என் செம்புத் தவலையின் ஒரு துண்டைப் பார்க்கலாம். என் கல்யாணத்துக்கு அம்மா கொடுத்த சீர் அது. கிள்ளானிலிருந்து ரயிலில் வந்தபோது புருஷனைவிட அந்தத் தவலையைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எந்த வெயிலிலும் அதில் தண்ணீர் ஜில்லென்றிருக்கும். அதை வெட்டித் துண்டு போட்டு ஊர் கையிலெல்லாம் காப்பாகப் பூட்டிவிட்ட புண்ணியவான் என் வீட்டுக்காரர்தான்.

அவருக்குச் சரக்குக் கொட்டகையில் கிராணி வேலை. உட்கார்ந்து எழுதுகிற வேலைதான், ஆனாலும் எப்படியோ வலது முட்டியைக் கெடுத்துக்கொண்டார். வெள்ளைக்காரன் இருந்தவரை டிஸ்பென்சரியில் தைலம் கிடைத்தது. ஜப்பான்காரன் வந்ததும் தைலம் போயிற்று, அரிசி போயிற்று, மலேரியாக் காய்ச்சலுக்குப் போடுகிற கொயினா மாத்திரை பேச்சில் மட்டும் இருந்தது. மரவள்ளிக்கிழங்கைத் தின்று வயிறு ஊதிக் கிடந்த அந்த நாளில், தந்தி ஆபீஸில் வேலை பார்த்த யாரோ ஒரு மகராசன் அவர் காதில் செம்பின் மகிமையை ஓதிவிட்டான். தந்திக் கம்பி செம்பு. அதில் சேதி எப்படி ஓடுகிறதோ அப்படியே, கையில் செம்பு போட்டால் உடம்பிலுள்ள வாதம் அதன் வழியே வெளியே ஓடிவிடுமாம். ஓடுகிற வாதம் எங்கே போய்ச் சேரும், அந்தப் பக்கம் அதை வாங்கிக்கொள்கிற ஆள் யார் என்று கேட்டேன். பெண்களுக்கு விஞ்ஞானம் புரியாது என்றார்.

எங்கள் ரோட்டுக் கோடியில் நகை செய்கிற பத்தர் ஒருவர் இருந்தார். ஊரார் தங்கத்தையெல்லாம் அரிசிக்கும் மருந்துக்கும் கொடுத்துத் தீர்த்துவிட்டதால் அவர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். வேலையில்லாத பத்தரும் விஞ்ஞானம் தெரிந்த கிராணியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை, ஒரு நாள் ரேஷன் கிழங்குக்கு வரிசையில் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தபோது தெரிந்துகொண்டேன். பின்கட்டில் தவலையின் கழுத்தும் வயிறும் பட்டை பட்டையாகக் கிடந்தன. கத்தினேன், அழுதேன். மிச்சமிருந்த அடிப்பாகத்தைப் பிடுங்கிக்கொண்டு போய் விறகுக்கு அடியில் ஒளித்துவைத்தேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டுத் தண்ணீர் மண்ணெண்ணெய்த் தகரத்தில் இருந்தது, அந்த வாடையோடு.

காப்பைப் போட்ட மறுவாரமே முட்டிவலி பறந்துவிட்டதாக அவர் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். அது எங்கேயும் பறக்கவில்லை என்பது எனக்குத்தான் தெரியும். தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு, தேங்காய் எண்ணெயில் நொச்சி இலையைப் போட்டுக் காய்ச்சி அந்த முட்டியைத் தேய்த்துவிட்டது நான்தானே. எண்ணெய் வாசம் வெளியே போகக்கூடாது என்று ஊதுவத்தி ஏற்றச் சொல்வார். அந்த நேரத்தில் அவர் சாமி கும்பிடுகிறார் என்று அக்கம்பக்கத்தில் நினைத்துக்கொண்டார்கள்.

அவருக்குக் காலை மடக்கிக் குந்த முடியாது. குந்தினால் எழுந்திருக்க முடியாது. இந்த ஒரு விஷயத்தை ஊருக்குத் தெரியாமல் காப்பாற்ற அவர் பட்ட பாட்டில் பாதியைக் குடும்பத்துக்குப் பட்டிருந்தால் நாங்கள் செழித்திருப்போம். தரையில் உட்கார்ந்து சாப்பிடுவது சுகாதாரக் குறைவு என்று சோப்பு வந்த ஒரு சவுக்காரப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். வரிசைக்குப் பொதுவான கழிப்பறையில் உத்தரத்திலிருந்து ஒரு கயிறு கட்டித் தொங்கவிட்டார். துண்டு போட என்று எல்லாரிடமும் சொன்னார். அதைப் பிடித்துத்தான் எழுந்து வருவார்.

இதையெல்லாம்விடப் பெரிய ஆபத்து காலை உடற்பயிற்சியில் இருந்தது. ஆபீஸ் திறக்குமுன் ரயில்வே திடலில் அத்தனை பேரும் வரிசையாக நின்று, ஜப்பான் பாஷையில் எண்ண எண்ணக் கையைத் தூக்கிக் காலை மடக்க வேண்டும். என் வீட்டுக்காரர் முதல் நாளே முன்னால் போய், எண்ணிக்கையைத் தானே சொல்வதாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். அவருக்குக் குரல் நன்றாக இருக்கும். இச்சி, நி, சான் என்று அவர் விறைப்பாக நின்று கத்தக் கத்த மற்றவர்கள் குந்தி எழுந்து நாக்குத் தள்ளினார்கள். ஒரு தடவைகூட முட்டியை மடக்காமலே அந்தத் திடலில் அவர்தான் திடமான ஆள் என்று பேர் வாங்கிவிட்டார்.

பிறகு கேட்க வேண்டுமா. முதல் சீடன் பக்கத்து வீட்டுத் தம்பி. ரயில் பாதையில் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன், கல்யாணமாகி அதிக நாளாகவில்லை. அவருக்கு இளைப்பு உண்டு. பலகைச் சுவரைத் தாண்டி அந்த இழுப்பு எங்கள் வீட்டில் கேட்கும். செம்பு வாதத்துக்குத்தானே, இளைப்புக்குமா என்று நான் கேட்டேன். செம்புக்கு என்ன, வந்த நோயை விசாரித்துவிட்டா வேலை செய்யப்போகிறது என்று இவர் என்னை மடக்கினார். தம்பி போட்டுக்கொண்டார். இழுப்பு நிற்கவில்லை. ஆனால் கேட்டால், "இப்ப தேவல அண்ணே" என்பார். அண்ணன் மனம் நோகக்கூடாது என்று சொன்னாரா, நிஜமாகவே நம்பினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நல்ல பிள்ளை.

அடுத்துப் பெரிய கிராணி வந்தார். இவருக்கெல்லாம் மேலதிகாரி, ஜப்பான்காரனுக்கும் நம் ஆட்களுக்கும் நடுவில் நிற்கிறவர். அவருக்குக் கால் கட்டைவிரலில் வீக்கம். அவர் கையில் காப்பு ஏறியதும் வரிசை முழுக்க ஏறிவிட்டது. தலைசுற்றல், பசியின்மை, மாமியார் கோபம் எல்லாவற்றுக்கும் என் தவலை மருந்தானது. தங்க வளையலை விற்றுவிட்டு மொட்டைக் கையோடு நின்ற பெண்களுக்கு அது இன்னும் வசதியாகப் போயிற்று. வளையல் எங்கே என்று யாராவது கேட்டால், டாக்டரே செம்புதான் போடச் சொன்னார் என்று சொல்லிக்கொள்ளலாம். மணிக்கட்டில் பச்சையாகக் கறை இறங்கினால் அது உள்ளே இருந்த விஷம் என்றார் என் வீட்டுக்காரர். வாரம் ஒரு தடவை புளி போட்டுத் துலக்க வேண்டும் என்பதும் அவர் போட்ட சட்டம். புளிக்கப்பல் வராத காலம் அது. எங்கள் வரிசையில் ரசத்துக்குப் புளியில்லை, காப்புக்கு மட்டும் எங்கிருந்தோ கிடைத்தது.

இப்படி இருக்கையில்தான் ஜப்பான்காரன் சயாமுக்கு ஆள் பிடிக்க ஆரம்பித்தான். அங்கே காட்டுக்குள் ரயில் பாதை போடுகிறானாம். முதலில் தோட்டங்களிலிருந்து லோரி லோரியாக ஏற்றிக்கொண்டு போனான். போனவர்களிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. அங்கே காய்ச்சலில் ஆட்கள் விழுந்துகொண்டே இருக்கிறார்கள் என்று மட்டும் பாசாரில், காய்கறிக் கடைகளில் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். பிறகு ரயில் வேலை தெரிந்தவர்களும் வேண்டும் என்று எங்கள் பக்கம் திரும்பினான். திடமான ஆட்களாகப் பார்த்துப் பேர் கொடுக்கச் சொல்லிப் பெரிய கிராணிக்கு உத்தரவு வந்தது.

அவர் எங்கள் வீட்டுக்கே வந்தார். சவுக்காரப் பெட்டியில் உட்காரவைத்து, கருக்கின சோளத்தில் போட்ட காப்பியைக் கொடுத்தேன். மனிதர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் ஏதாவது கொடுத்துச் சமாளித்திருக்கலாம். அவர் நிஜமாகவே இவருக்குக் கௌரவம் செய்ய வந்திருந்தார்.

"உங்க பேரைத்தான் முதல்ல சொன்னேன். அங்க போய் நம்ம ஆளுங்களப் பாத்துக்க ஒரு திடமான ஆள் வேணும்லா. இந்தத் திடல்ல உங்கள விட்டா வேற யாரு?" என்று சொல்லிக் காப்புப் போட்ட கையால் இவர் தோளைத் தட்டினார்.

என் வீட்டுக்காரர் என்ன செய்தார் என்று நினைக்கிறீர்கள்? நன்றி சொன்னார். அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து பெட்டிமேல் உட்கார்ந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. அந்த முட்டியோடு காட்டில் மண் சுமந்தால் இவர் திரும்பி வரமாட்டார் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

போகுமுன் ஜப்பான் டாக்டர் ஒருவர் எல்லாரையும் பார்ப்பார், நோயாளிகளைத் தள்ளிவிடுவார் என்று சொல்லியிருந்தார்கள். அதுதான் எனக்கிருந்த ஒரே பிடி. காப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள், முட்டிவலி என்று சொல்லி நொண்டுங்கள், பொய்கூட இல்லையே, நிஜத்தைத்தானே சொல்லச் சொல்கிறேன் என்று கெஞ்சினேன்.

"பெரிய கிராணி கையில கெடக்கறது நான் குடுத்தது. நானே நொண்டினா நாளைக்கு இந்த ரோட்டுல எப்படி நடப்பேன்?"

"நடக்கறதுக்கு இங்க இருப்பீங்கல்ல" என்றேன்.

அன்று சாயங்காலம் எண்ணெய் தேய்க்கையில் அவர் ஊதுவத்தி ஏற்றச் சொல்லவும் மறந்துவிட்டார்.

டாக்டர் வந்த அன்று டிஸ்பென்சரிக்குப் பின்னால் உள்ள கல் பரப்பிய முற்றத்தில் ஆட்களை நிறுத்தியிருந்தார்கள். நாங்கள் பெண்கள் வேலிக்கு வெளியே நின்றோம். பக்கத்து வீட்டுத் தம்பியின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் பெரிய கிராணி. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நடக்கவிட்டு, காலை மடக்கிக் குந்தி எழுந்திருக்கச் சொன்னார்கள். எழுந்தவன் இந்தப் பக்கம், எழ முடியாதவன் அந்தப் பக்கம். இவ்வளவுதான் அவர் பார்த்த வைத்தியம்.

தம்பி இவருக்கு முன்னால் நின்றார். இரண்டு இருமல் இருமி, மூச்சு வாங்குகிறது என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டியிருந்தால் ஒருவேளை விட்டிருப்பார்கள். அவரோ பின்னால் நின்ற அண்ணனை ஒரு தரம் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு, காப்புக் கையை உயரத் தூக்கிக்கொண்டு குந்தினார், எழுந்தார். போதும் என்ற பிறகும் குந்தி எழுந்தார். செம்புக்குச் சாட்சி சொல்கிறாராம். டாக்டர் சிரித்து, இந்தப் பக்கம் என்று கையைக் காட்டினார். அவள் என் கையை விட்டுவிட்டாள்.

அடுத்து என் வீட்டுக்காரர். விறைப்பாக நடந்து வந்தார். இவர்தான் தினமும் எண்ணிக்கை சொல்கிறவர், இங்கே இருப்பதிலேயே திடமானவர் என்று பெரிய கிராணி பெருமையாகச் சொல்ல, மொழிபெயர்ப்பாளன் அதை ஜப்பான் பாஷையில் சொன்னான். டாக்டருக்கு சந்தோஷம். தானே எண்ண ஆரம்பித்தார். இச்சி என்றதும் இவர் குந்தினார்.

நி என்றார். இவர் எழவில்லை.

சான் என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு கையைத் தரையில் ஊன்றினார். காப்பு கல்லில் மோதுகிற சத்தம் வேலிவரை கேட்டது. கழுத்து நரம்பு புடைத்தது, முகம் சிவந்தது, இடுப்பு ஓர் அங்குலம் மேலே வந்து மறுபடி உட்கார்ந்துவிட்டது. என் வீட்டுக்காரருக்கு நோயாளியாக நடிக்கத் தெரியாது. சுகமாக இருப்பதாக நடிக்க மட்டும்தான் தெரியும், அன்றைக்கு அதுவும் கைகொடுக்கவில்லை. பெரிய கிராணி அதிர்ந்துபோய் மெதுவாக, "எந்திரிங்க, பாக்கறாங்க" என்றார். இவர் தலையைத் தூக்கவே இல்லை. காப்புப் போட்ட அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தேறிய பக்கத்திலிருந்து ஓடி வந்து இவரைக் கைத்தாங்கலாகத் தூக்கி நிறுத்தியது அந்தத் தம்பிதான். டாக்டர் முட்டியை ஓர் அழுத்து அழுத்தினார். இவர் போட்ட சத்தத்தில் மாமரத்துக் காக்கை பறந்தது. போ என்று கையை ஆட்டிவிட்டார்கள். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன், அதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் பக்கத்தில் நின்றவளின் முகத்தைப் பார்க்கத்தான் முடியவில்லை.

அவமானத்தில் இவர் வீட்டைவிட்டு வெளியே வரமாட்டார், ஊரார் காப்பைக் கழற்றி எங்கள் வாசலில் எறிவார்கள் என்று எதிர்பார்த்தேன். எறிந்தால் பொறுக்கி மறுபடி தவலை செய்துகொள்ளலாம் என்றுகூட நினைத்தேன். எங்கள் ஜனங்களை நான் குறைவாக எடை போட்டுவிட்டேன். சாயங்காலத்துக்குள் வரிசை முழுக்க ஒரே பேச்சு: இத்தனை நாள் வலியை இழுத்துப் பிடித்து வைத்திருந்த செம்பு, சரியாக அந்த நிமிஷத்தில் விட்டுக்கொடுத்து ஆளைக் காப்பாற்றிவிட்டது, செம்புக்கு எல்லாம் தெரியும். மறுநாளே இரண்டு பேர் காப்புக் கேட்டு வந்தார்கள். செம்பு தீர்ந்துவிட்டது என்று நான் கதவைச் சாத்தினேன்.

தம்பியைச் சில நாளில் சரக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இவர் ஸ்டேஷன்வரை நொண்டி நொண்டியே போனார், அந்த ரோட்டில் எல்லாரும் பார்க்க. திரும்பி வந்து பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டு, "நான்தான் அவன அனுப்பி வெச்சுட்டேன்" என்றார். முட்டியை எடுத்து மடியில் வைத்து எண்ணெய் தேய்த்தேன். கதவு திறந்தேதான் கிடந்தது.

அதற்குப் பிறகு தினமும் துணி உலர்த்துகிற நேரத்தில் பக்கத்து வீட்டுப் பெண் வேலியோரம் வந்து நிற்பாள். ஒரே கேள்விதான் கேட்பாள்.

"காப்பு கையில கெடக்குல்லக்கா, ஒண்ணும் ஆவாதுல்ல?"

முதல் நாள் கையிலிருந்த ஈரத் துணியை மறுபடி பிழிந்தேன். செம்பாவது மண்ணாவது என்று எத்தனை நாள் என் வீட்டுக்குள் சண்டை போட்டிருக்கிறேன். அதே வாயால், "என் தவலைம்மா அது, எங்கம்மா பாத்துப் பாத்து வாங்குன கெட்டிச் செம்பு. அவருக்கு ஒண்ணும் ஆவாது" என்றேன். அவள் முகம் தெளிந்து உள்ளே போனாள். அன்றிலிருந்து தினமும் அதையே சொன்னேன். என் வீட்டுக்காரர் செம்புப் பிரசங்கத்தை விட்டுவிட்டார், நான் பிடித்துக்கொண்டேன். அவரைவிட நான் நன்றாகவே செய்தேன் என்று சொல்ல வேண்டும்.

ஜப்பான்காரன் தோற்று, வெள்ளைக்காரன் திரும்பி வந்து சில வாரம் கழித்து, ஒரு மத்தியானம் தம்பி வந்து சேர்ந்தார். எங்கள் வாசலில் நின்றவரை முதலில் யாரென்று தெரியவில்லை. கண்ணும் எலும்பும்தான் இருந்தன. இவர் எழுந்து நொண்டிப் போய் அவர் கையைப் பிடித்தார். பிடித்த கையைப் புரட்டிப் பார்த்தார். மணிக்கட்டு வெறுமையாக இருந்தது.

"காப்பு இல்லன்னா நான் இல்லண்ணே" என்றார் தம்பி.

இவர் முகத்தில் பழைய வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். தம்பி உட்கார்ந்து மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார். காய்ச்சல் கண்டு கிடந்தபோது, ஆற்றோரமாக வாழைப்பழமும் முட்டையும் விற்க வருகிற சயாம்காரி ஒருத்தியிடம் கொயினா மாத்திரை இருந்ததாம். காப்பைக் கழற்றி அவளிடம் கொடுத்துவிட்டு மாத்திரையை வாங்கி விழுங்கினாராம். நல்ல கனமான செம்பு என்று அவள் பல்லால் கடித்துப் பார்த்துத்தான் எடுத்துக்கொண்டாளாம்.

"எனக்கு மட்டுந்தான் போதுச்சு. பக்கத்துல படுத்திருந்தவருக்குப் பத்தலண்ணே" என்றார் கடைசியில். கிள்ளான் பக்கத்து ஆள், தம்பியைவிட வயதில் சின்னவராம். அவர் கையில் காப்பு எதுவும் இல்லை.

என் வீட்டுக்காரர் நாலு நாள் வாசல் பக்கமே போகவில்லை. ஐந்தாம் நாள் வாசலில் யாரிடமோ, சயாம் காட்டில் செம்பு ஓர் உயிரைக் காப்பாற்றிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். காய்ச்சல் இருந்தது, காப்பு இருந்தது, ஆள் பிழைத்தது இருந்தது. கொயினாவை மட்டும் காணோம். உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டே அரிசி களைந்தேன். அந்த மனிதர் மறுபடி சத்தமாகப் பேசுவதைக் கேட்க எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

அந்த வாரமே பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள். அவருக்கு இன்னொரு காப்பு வேண்டும், வெறுங்கையோடு அவரைப் பார்க்கவே பயமாக இருக்கிறது, செம்பு கிடைக்குமா அக்கா என்றாள். இவர் என்னைப் பார்த்தார், கேட்கத் தைரியமில்லாமல் கழிப்பறைப் பக்கம் போய்விட்டார். நான் விறகுக் கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டு அடியிலிருந்த தவலையின் அடிப்பாகத்தை வெளியே எடுத்தேன். கரி பிடித்துக் கிடந்தது. புளி போட்டு நானே துலக்கினேன். துலக்கியதும் அம்மா வீட்டில் இருந்தது போலவே பளபளவென்று வந்தது. முந்தானையில் சுற்றிக்கொண்டு ரோட்டுக் கோடிக்குப் போனேன்.

பத்தர் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, இதில் மெல்லிசாக நாலைந்து காப்பு தேறும் என்றார்.

"மெல்லிசு வேணாம், ஒண்ணே ஒண்ணு போடுங்க. நல்ல கனமா இருக்கட்டும்" என்றேன். "கழட்டிக் குடுத்தா ரெண்டு பேருக்கு மாத்திர வாங்கற மாதிரி இருக்கணும்."